பிரோஷ்கி: முதலில் பூரணம், அப்புறம்தான் மாவு

பிரோஷ்கி, அதாவது உள்ளே பூரணம் வைத்துச் செய்யும் சின்ன ரஷ்ய பன், எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் ஈஸ்ட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பொங்குமா, பொங்காமல் போனால் என்ன செய்வது, எந்தப் பாக்கெட் நல்லது, பாலில் கரைப்பதா தண்ணீரில் கரைப்பதா. ரஷ்யாவின் குர்ஸ்க் நகரில் மருத்துவம் படித்த காலத்தில் அங்குள்ள வீட்டு அடுப்படிகளில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: மாவு நிறையப் பொறுத்துக்கொள்ளும். மெதுவாகப் பொங்கினால் இன்னும் அரை மணி நேரம் விடலாம், அதிகமாகப் பொங்கினால் அமுக்கிவிட்டு மறுபடி வைக்கலாம். பொறுத்துக்கொள்ளாதது உள்ளே வைக்கும் பூரணம். ஓவன் அடுப்பில் வாய் பிளந்து நிற்கும் பிரோஷ்கி, அடியில் பிசுபிசுவென்று வேகாமல் கிடக்கும் பிரோஷ்கி, கடித்தால் உள்ளே வெறும் காற்று இருக்கும் பிரோஷ்கி, மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் பூரணத்தில்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பெரிய தகட்டில் ஒரே துண்டாகச் சுட்டு வெட்டிப் பரிமாறினால் அது பிரோக். உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி தனித்தனியாகச் செய்தால் பிரோஷ்கி. போலந்துக்காரர்களின் பியரோகி வேறு சமாச்சாரம், அது கொதிநீரில் வேகவைப்பது.

ஹாஸ்டலை விட்டு வாடகை வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு இதைப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்தது. சோவியத் தலைவர் குருஷேவ் காலத்து ஐந்து மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. அடுப்படி ஆறு சதுர மீட்டர் இருந்தால் அதிகம். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்கவேண்டும். எதிர் வீட்டுப் பாட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுவார். படிக்கட்டு முழுக்க வெண்ணெய் வாசனை அடிக்கும். அவர் வேலையில் நான் முதலில் கவனித்தது வரிசை. மாவு பிசைவது ஞாயிறு காலை, ஆனால் பூரணம் சனிக்கிழமை ராத்திரியே தயார். மூடி போட்டுக் குளிர்ந்த பால்கனியில் வைத்துவிடுவார். குளிர்காலத்தில் அங்கே பால்கனிதான் இரண்டாவது ஃபிரிட்ஜ்.

"இப்போதே சூடாக வைத்தால் என்ன பாட்டி?" என்று கேட்டேன். "உன் வேலைதான் சீக்கிரம் முடியும், பிரோஷ்கி வராது" என்றார்.

காரணம் எளிது. மாவுக்குள் வெண்ணெய் இருக்கிறது. சூடான பூரணம் பட்டதும் அந்த இடத்தில் வெண்ணெய் உருகி மாவு தளர்ந்துவிடும். பூரணத்திலிருந்து எழும் ஆவி உள்பக்கத்தை ஈரமாக்கி, மூட்டிய ஓரத்தையும் நெகிழ வைக்கும். இதோடு அடுப்புக்குள் போனால், மேலே பொன்னிறமாக இருக்கும், அடியில் களி மாதிரி ஒட்டும். அதனால் பூரணம் அறை வெப்பத்துக்கு ஆறியே இருக்கவேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்ததுபோல் ரொம்பவும் சில்லென்று இருந்தாலும் பொங்குவது தாமதமாகும், அதையும் அரை மணி முன்பே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

அங்கே எல்லா வீட்டிலும் செய்வது முட்டைக்கோஸ் பூரணம். சொன்னால் சாதாரணமாகத் தெரியும், பக்குவம் தெரிய வேண்டிய பூரணம் இதுதான். ஒரு கிலோ கோஸை மிகப் பொடியாக நறுக்க வேண்டும். துருவக் கூடாது, துருவினால் நீர் விட்டுக் கூழாகிவிடும். அகலமான சட்டியில் 50, 60 கிராம் வெண்ணெய், ஒரு பெரிய வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் கோஸ், ஒரு கரண்டி பால். மூடி போட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம். பிறகு மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கொஞ்சம் கூட்டி, கிளறிக்கொண்டே நீரைச் சுண்ட வைக்க வேண்டும். கோஸ் சிவக்கக் கூடாது, மென்மையாகவும் வெளிறியும் இருக்க வேண்டும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குள் நீர் ஓடிவரக் கூடாது. ஓடி வந்தால் இன்னும் ஐந்து நிமிடம். இந்தச் சோதனையை மட்டும் தவறவிடாதீர்கள்.

உப்பு கடைசியில்தான். முதலிலேயே போட்டால் கோஸ் நீர் விட்டுவிட்டு, வதங்குவதற்குப் பதிலாக வெந்துபோகும். உப்போடு ஒரு சிட்டிகை சர்க்கரை, மிளகு. நன்றாக ஆறிய பிறகு மூன்று வேகவைத்த முட்டையைப் பொடியாக நறுக்கிக் கலந்து, சதகுப்பை இலையைத் தூவினால் முடிந்தது. அங்கே அதை உக்ரோப் என்பார்கள், எதில் பார்த்தாலும் அதுதான் மிதக்கும். முதல் ஆறு மாதம் எனக்கு அந்த வாசனையே ஆகவில்லை, இப்போது அது இல்லாத கோஸ் பூரணத்தை நான் தொடமாட்டேன்.

இன்னொன்று, கோஸிலும் பருவம் உண்டு. இலையுதிர் காலத்தில் வரும் கோஸ் இறுக்கமாக, நீர் குறைவாக இருக்கும். கோடை தொடக்கத்தில் வரும் இளம் கோஸ் தளதளவென்று நீரோடு இருக்கும், சீக்கிரம் வெந்தும் விடும். அதற்குப் பால் ஊற்றவே வேண்டாம்.

வசந்தம் வந்ததும் கோஸை விட்டுவிட்டு வெங்காயத்தாளும் முட்டையும் என்று மாறிவிடுவார்கள். வேகவைத்த முட்டை ஆறு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் இரண்டு கைப்பிடி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நறுக்கிய தாளில் முதலில் உருக்கிய வெண்ணெயை ஊற்றிப் பிசறிவிட வேண்டும். ஒவ்வொரு துண்டின் மேலும் வெண்ணெய் படிந்துவிட்டால் உப்பு பட்டாலும் நீர் சட்டென்று வெளியே வராது. முட்டையும் உப்பும் மாவு உருட்டி முடித்த பிறகு, நிரப்பப் போகும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். பூரணத்தை முந்தின ராத்திரியே செய்து வைக்கும் வழக்கத்துக்கு இது விதிவிலக்கு, அப்படிக் கலந்து வைத்தால் காலையில் கிண்ணத்தின் அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கும்.

இறைச்சிப் பூரணத்தில் பிரச்சினை நேர் எதிர். அங்கே ஈரம் இல்லாததுதான் குறை. ரஷ்ய வீடுகளில் பிரோஷ்கிக்குப் பச்சைக் கைமா வைப்பது வழக்கமில்லை. சூப்புக்கு வேகவைத்த மாட்டிறைச்சியை எடுத்து அரைத்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு கலப்பார்கள். வெந்த இறைச்சியை அப்படியே வைத்தால் மரத்தூள் மாதிரி இருக்கும். அதனால் ஒரு கரண்டி மாவை வெண்ணெயில் வறுத்து, சூப்பு நீர் ஊற்றிக் கெட்டியான குழம்பாக்கி, அதை இறைச்சியில் பிசைவார்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. மிச்சமிருக்கும் சூப்பு வீணாவதில்லை, கிண்ணத்தில் ஊற்றி பிரோஷ்கியோடு சேர்த்தே வைப்பார்கள். தொட்டுச் சாப்பிடுவதில்லை. ஒரு கடி, ஒரு மடக்கு.

பச்சை இறைச்சியே வைக்கக் கூடாதா என்றால், வைக்கிற பலகாரங்களும் உண்டு. தாதார் மக்களின் எச்போச்மாக் அப்படித்தான், பச்சை இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மூன்று முனையாக மடித்தது. ஆனால் அதன் மேலே ஒரு துளை விட்டிருப்பார்கள், ஆவி அந்த வழியே போகும், சுடும்போது சூப்பு நீரையும் அதே வழியே ஊற்றுவார்கள், அடுப்பிலும் பிரோஷ்கியைவிட அதிக நேரம் இருக்கும். ரஷ்யர்களின் ரஸ்தெகாய் என்கிற மீன் பலகாரத்துக்கும் வாய் திறந்தேதான் இருக்கும். நாலா பக்கமும் மூடி, சின்னதாக, சீக்கிரம் சுடுகிற பிரோஷ்கிக்குள் மட்டும் வெந்த இறைச்சிதான் போக வேண்டும். உள்ளே இருப்பது சூடாகத்தான் நேரம் இருக்கிறது, வேக நேரமில்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு செய்தி. குர்ஸ்கில் எங்களோடு படித்த சைவ நண்பர்கள் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் வைத்தே காலம் தள்ளினார்கள், பிரோஷ்கி என்றாலே முட்டை, இறைச்சி என்று நினைத்து. ஈஸ்டருக்கு முன்பு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நீண்ட நோன்பு வரும். அந்த வாரங்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றும் ஆகாது. அதற்கென்றே ஒரு மாவு உண்டு: வெதுவெதுப்பான தண்ணீர் 300 மில்லி, மைதா 500 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, சூரியகாந்தி எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. பால் மாவின் மென்மை இதில் வராது, ஆனால் மேல்தோல் மொறுமொறுப்பாக வரும், பொரித்துச் சாப்பிட இதுதான் சுவை என்று சொல்வேன். பூரணம் உருளைக்கிழங்கு, காளான், கோஸ், பட்டாணி என்று எதுவும் ஆகலாம். அடுப்பில் சுடும்போது மேலே முட்டைக்குப் பதில் சர்க்கரை போட்ட கெட்டி டீ டிகாஷனைத் தடவுவார்கள். நல்ல பழுப்பு நிறம் வரும். உணவகத்திலோ கேன்டீனிலோ "போஸ்ட்னி" என்ற வார்த்தை கண்ணில் பட்டால் அது நோன்புச் சாப்பாடு. சில நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு என்பதால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்குப் பூரணத்தில் பாலோ நீரோ விடவேண்டாம். வேகவைத்த நீரை வடித்துவிட்டு, கிழங்கோடு பாத்திரத்தை ஒரு நிமிடம் தீயில் காட்டி ஈரத்தை ஓட்டிவிட்டு மசிக்க வேண்டும். ருசி முழுக்க வெங்காயத்தில் இருக்கிறது. நிறைய எண்ணெயில் நன்றாகச் சிவக்கும்வரை வறுத்து, அந்த எண்ணெயோடு சேர்த்தே கிழங்கில் கொட்டுங்கள்.

சரி, மாவுக்கு வருகிறேன். பால் 250 மில்லி, உலர் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, முட்டை ஒன்று, உப்பு ஒரு தேக்கரண்டி, வெண்ணெய் 60 கிராம், மைதா 500 கிராம். பாட்டிக்குத் தராசு கிடையாது. பட்டை பட்டையாகச் செதுக்கியதுபோல் இருக்கும் சோவியத் கண்ணாடி டம்ளர்தான் அளவு. அதன் கோடு வரை 200 மில்லி நீர் பிடிக்கும், அதே கோடு வரை மாவு நிரப்பினால் சுமார் 130 கிராம். பழைய ரஷ்ய சமையல் குறிப்பில் "ஒரு டம்ளர் மாவு" என்று பார்த்தால் பெரும்பாலும் இந்த டம்ளரை நினைத்துக்கொள்ளலாம்.

பால் வெதுவெதுப்பாக, 35 டிகிரி போல் இருக்க வேண்டும். 50ஐத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். பாலில் ஈஸ்ட், சர்க்கரை, மூன்று நான்கு கரண்டி மாவு கலந்து இருபது நிமிடம் வைத்தால் மேலே நுரைத் தொப்பி எழும். எழாவிட்டால் ஈஸ்ட் செத்தது என்று அர்த்தம், வெண்ணெயையும் முட்டையையும் சேர்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடுவது நல்லது. அப்புறம் முட்டை, உப்பு, மாவு. மாவில் ஒரு கைப்பிடியைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக இளகிய வெண்ணெய், பிசைந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக. பத்து நிமிடமாவது பிசைய வேண்டும். இந்த மாவு கையில் லேசாக ஒட்டத்தான் செய்யும். ஒட்டுகிறதே என்று மாவைக் கொட்டிக்கொண்டே போனால் பிரோஷ்கி மறுநாள் கல்லாகும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிசையுங்கள்.

பொங்குவதற்கு அங்கே குளிர்காலத்தில் கவலையே இல்லை, சுவரோரம் இருக்கும் வெந்நீர் ரேடியேட்டர் பக்கத்தில் பாத்திரத்தை வைத்தால் போதும். தொல்லை அக்டோபரில்தான். வெளியே சராசரி வெப்பம் தொடர்ந்து ஐந்து நாள் 8 டிகிரிக்குக் கீழே இருந்த பிறகுதான் நகரத்தில் பொது வெப்பக் குழாய்களைத் திறப்பார்கள். அதுவரை வீடு சில்லென்று கிடக்கும். அப்போது அடுப்பை ஒரு நிமிடம் ஏற்றி அணைத்துவிட்டு உள்ளே வைப்பார்கள், அல்லது சூடான நீர் நிரம்பிய பெரிய பாத்திரத்தின் மேல் வைப்பார்கள். ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். காற்று பட்டால் மாவின் மேல் தோல் கட்டும், அதனால் துண்டு போட்டு மூடுவார்கள்.

இரண்டு மடங்கானதும் அமுக்கி, இன்னொரு முறை பொங்க விட்டு, எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகளாகப் பிரிக்க வேண்டும். இந்த அளவுக்குப் பதினெட்டு வரும். பத்து நிமிடம் மூடி வைத்த பிறகு தட்டுங்கள், இல்லையென்றால் ரப்பர் மாதிரி சுருங்கிக்கொண்டே இருக்கும். வட்டத்தின் நடு தடிப்பாகவும் ஓரம் மெலிதாகவும் இருக்க வேண்டும். ஓரங்கள் இரண்டும் சேரும்போது தடிமன் நடுவோடு சரியாகிவிடும்.

ஒட்டுவதில்தான் நம் கை ஏற்கெனவே பழகியிருக்கிறது, சோமாசி ஓரத்தை மடித்து அழுத்திய கைக்கு இது கஷ்டமில்லை. ஒரு வித்தியாசம்: இந்த மாவு மூடிய பிறகும் வளரும், ஒட்டிய மூட்டு விளிம்பை இரண்டு பக்கமும் இழுக்கும். ஆகவே நடுவில் ஒரு கிள்ளு, பிறகு இரு முனைக்கும் நகர்ந்து, கடைசியில் முழு நீளத்துக்கும் இன்னொரு தடவை கிள்ள வேண்டும். ஓரத்தில் ஒரு துளி வெண்ணெயோ ஒரு துண்டு கோஸோ பட்டிருந்தாலும் அந்த இடம் ஒட்டாது. பூரணத்தைக் கரண்டியால் வைத்து, விரல் படாமல் மூடுங்கள். பாட்டி ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் மாவு என்று பிரித்தே வைத்திருப்பார், கரண்டிக் கை மாவைத் தொடாது. ஒரு பிரோஷ்கிக்குக் குவிந்த ஒரு மேசைக்கரண்டி பூரணம். குறைவாக வைத்தால் சுட்ட பிறகு உள்ளே பொந்து இருக்கும்.

மூட்டு கீழே இருக்கும்படி தகட்டில் அடுக்கி, இருபது நிமிடம் மறுபடி பொங்க விட்டு, மஞ்சள் கருவில் ஒரு கரண்டி பால் அடித்துத் தடவி, 190, 200 டிகிரியில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். இப்படிக் கடைசியாகப் பொங்க விடுவதை அவசரத்தில் விட்டுவிட்டால், அடுப்பின் சூட்டில் மாவு ஒரேயடியாக விரிந்து பக்கவாட்டில் கிழியும். அங்குள்ள பழைய கேஸ் அடுப்புகளில் வெப்பமானி இல்லை, தீயும் அடியிலிருந்து வரும். கீழ்த் தட்டில் கல்லுப்பைப் பரப்பி வைப்பார்கள், அடி கருகாமல் இருக்க. இந்த யோசனை சின்ன மின்னடுப்புக்கும் நன்றாகவே வேலை செய்கிறது.

வெளியே எடுத்ததும் உடனே வெண்ணெய் தடவி, துணி போட்டு கால் மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அப்போதுதான் மேல்தோல் மெத்தென்று ஆகும். மூடாமல் வைத்தால் இறுகிவிடும். பொரிப்பதென்றால் பாதி மூழ்கும் அளவு சூரியகாந்தி எண்ணெய், மிதமான தீ, மூட்டுப் பக்கம் முதலில் எண்ணெயில் படட்டும். அது முதலிலேயே வெந்து பூட்டிக்கொள்ளும். எண்ணெய் புகைந்தால் வெளியே கருத்து உள்ளே பச்சையாக நிற்கும்.

இனிப்பு வேண்டுமென்றால் குர்ஸ்க்காரர்களிடம் ஆப்பிளைத் தவிர வேறு பேச்சு இல்லை. அன்தோனவ்கா என்கிற புளிப்பு ஆப்பிளுக்கு நகரத்தில் சிலையே வைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் தோட்ட வீடுகளிலிருந்து வாளி வாளியாக வரும், வாசனைக்காகவே சிலர் அலமாரியில் வைப்பார்கள். பச்சையாகவே நறுக்கி வைக்கலாம், ஆனால் சர்க்கரையை முன்கூட்டிக் கலக்கக் கூடாது, சாறு ஊறிவிடும். மாவின் நடுவில் ஒரு சிட்டிகை ஸ்டார்ச், அதன் மேல் ஆப்பிள், அதன் மேல் சர்க்கரை, உடனே மூடல். ஸ்டார்ச் சாற்றைப் பிடித்துக் கெட்டியாக்கிவிடும். ஜாம் வைப்பதாக இருந்தால் கத்தியால் வெட்டும் அளவு கெட்டியான ஆப்பிள் ஜாமை, அங்கே பவித்லா என்பதை, வைக்க வேண்டும். சாதாரண ஜாம் உருகி வழிந்து தகட்டில் கருகும்.

ஊருக்கு வந்த பிறகு மதுரை அடுப்படியில் செய்யும்போது நான் மாற்றியது கொஞ்சம்தான். ஈஸ்ட்டை 4 கிராமாகக் குறைத்துவிட்டேன், பாலைச் சூடாக்குவதில்லை. வெயில் காலத்தில் முக்கால் மணி நேரத்தில் மாவு பாத்திரத்தை விட்டு எழுந்து நிற்கும். வெண்ணெயை இளக வைக்கத் தேவையே இல்லை, தானாகவே இளகிவிடும். பூரணத்தை மட்டும் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வைக்கிறேன், முட்டை போட்ட கோஸ் இந்த ஊர் வெயிலில் ராத்திரி தாங்காது.

மிஞ்சினால் மறுநாள் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், நாராகிவிடும். காய்ந்த தோசைக்கல்லில் மூடி போட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நிமிடம். மாவு மிஞ்சினால் உருட்டித் தட்டி, நடுவில் டம்ளர் அடியால் அழுத்திக் குழி செய்து, நீர் வடித்த பனீரில் (பாலைத் திரித்து எடுப்பது) சர்க்கரையும் மஞ்சள் கருவும் கலந்து நிரப்பிச் சுட்டுவிடுங்கள். அங்கே அதற்கு வத்ருஷ்கா என்று பெயர், பிள்ளைகள் பிரோஷ்கியை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.